சோலையில் களையெடுப்பு

நீலகிரியின் மேல்மலையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டருக்கு மேல், இரண்டு சரிவுகள் கூடி ஈரம் தங்கும் மடிப்புகளில் வளரும் பசுமைமாறாக் காடு சோலை எனப்படுகிறது. அதன் மரங்கள் உயரத்தில் பெரியவை அல்ல. மலைக்காற்றுக்கு வளைந்து கொடுத்து, தலையோடு தலை நெருங்கி நிற்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே கூரையாகத் தெரியும். உள்ளே போனால் அடிமரமெல்லாம் பாசி, கிளையெல்லாம் பெரணியும் ஆர்க்கிடும், தரையில் கால் வைத்தால் அமுங்கும் இலைமக்கு. காட்டுநாவல், செண்பகம், விக்கி போன்றவை மேல்தட்டில் நிற்க, குறிஞ்சி இனச் செடிகள் கீழ்த்தட்டை நிரப்பும். சோலை விளிம்பில் காட்டுப்பூவரசும் தவிட்டுப்பழச் செடியும் இருக்கும். தளிர்விடும் பருவத்தில் பல மரங்கள் ஒருசேரச் சிவந்து நிற்பதைத் தொலைவிலிருந்தே காணலாம்.

சோலையைச் சுற்றி இயல்பாக இருக்க வேண்டியது புல்வெளி. மழைநீரை இந்த இரண்டும் சேர்ந்தே பிடித்து வைத்து, மழையில்லாத மாதங்களில் ஓடைகளுக்குக் கொடுக்கின்றன. கடந்த இருநூறு ஆண்டுகளில் இந்த அமைப்பு பெருமளவு கலைந்துபோனது. கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் கோத்தகிரிப் பக்கம் வந்து தங்கியதிலிருந்து மலையின் நிலம் வேகமாகக் கைமாறியது. காப்பியும் தேயிலையும் உருளைக்கிழங்கும் சரிவுகளை எடுத்துக்கொண்டன. புதிதாக உருவான ஊர்களின் விறகுத் தேவைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகை மரமும் 19ஆம் நூற்றாண்டிலேயே கொண்டுவரப்பட்டன. பின்னர் தோல் பதனிடத் தேவையான பட்டைக்காகச் சீகை பரவலாக நடப்பட்டது. புல்வெளியை வீண் நிலம் என்று கருதிய காலம் அது. அந்தக் கருத்து எவ்வளவு தவறானது என்பது, ஓடைகள் மெலியத் தொடங்கிய பிறகே பலருக்கு உறைத்தது.

எஞ்சிய சோலைகள் இன்று பெரும்பாலும் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கின்றன. அவற்றுள் பெயர் பெற்றது கோத்தகிரியையொட்டிய லாங்வுட் சோலை. பரப்பு 116 ஹெக்டேர்தான். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 26 பறவையினங்களில் 14 இனங்கள் அங்கே உள்ளன. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குக் குடிநீரும் அங்கிருந்தே வருகிறது. 2024 ஜனவரியில் அது ராம்சர் ஈரநிலத் தளமாக அறிவிக்கப்பட்டது. பெயர் தெரியாத சிறு சோலைகள் இன்னும் பல உண்டு. இப்படிப்பட்ட ஒரு சிறு சோலையின் விளிம்பில் தன்னார்வக் குழு ஒன்று ஆண்டுதோறும் களையெடுத்து வந்தது. மார்கழிக் கடைசியில் வந்த ஒரு ஞாயிறு வேலைநாளே இங்கே நினைவுகூரப்படுகிறது.

மார்கழியைத் தேர்ந்ததற்குக் காரணம் மழை. நீலகிரியின் மேற்குப் பகுதி ஆடிமாதத்துத் தென்மேற்குப் பருவமழையில் நனையும்; கிழக்குச் சரிவில் உள்ள கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. அந்த மழை ஓய்ந்ததும் மண் இளகியிருக்கும், வேர் முழுதாக வரும். மாசி, பங்குனிக்குத் தள்ளிப்போட்டால் மண் இறுகி, இழுத்த கையோடு தண்டு மட்டும் முறிந்து வரும். முறிந்த செடி முன்னிலும் பலமாகத் துளிர்க்கும் என்பதால் அந்த வேலையைச் செய்யாமல் இருப்பதே மேல்.

அந்தச் சோலை காப்புக்காடு. வனத்துறையின் அனுமதியில்லாமல் அதற்குள் கத்தியோடு நுழைவது குற்றம். எனவே வேலைநாளுக்குப் பல வாரங்கள் முன்பே வனச்சரக அலுவலகத்தில் கடிதம் கொடுக்கப்பட்டிருந்தது. எந்தப் பகுதியில் வேலை, எத்தனை பேர், எந்தெந்தச் செடியை அகற்றுவது என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தன. அன்று வனக்காப்பாளர் ஒருவரும் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரும் உடன் வந்தார்கள். பெரிய மரம் எதன்மீதும், அது சீகையே ஆனாலும், கத்தி படக் கூடாது என்பது நிபந்தனை. மரம் வெட்டுவது துறையின் வேலை. செடியும் நாற்றும் தன்னார்வலர்களின் வேலை.

வந்தவர்கள் பலதரப்பட்டவர்கள். கோவையிலிருந்து முதல் பேருந்துக்குக் காத்திருந்து வந்த கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், ஹட்டி எனப்படும் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த படுகர் விவசாயிகள். அந்த ஹட்டியின் குடிநீர்த் தொட்டிக்கு வரும் ஓடை அந்தச் சோலையிலிருந்துதான் புறப்படுகிறது. ஆகவே அவர்களை யாரும் அழைக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்கு அடுத்தபடியாக வேலை தெரிந்தவர்கள் தேயிலைத் தோட்டப் பெண்கள். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து நீலகிரியில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களின் இரண்டாம், மூன்றாம் தலைமுறையினர் அவர்கள். வாரம் முழுதும் கொழுந்து பறித்துவிட்டு, விடுமுறை நாளிலும் இன்னொரு சரிவில் குனிந்து நிற்க வந்தவர்கள். குழுவில் கத்தியைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்த கைகள் அவர்களுடையவையே.

காலை எட்டு மணிக்குத் தேயிலைச் செடிகளின் மேல் பனி காயாமல் இருந்தது. தோட்டத்தில் பயன்படும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, குட்டைக் கடப்பாரை, கோணிச்சாக்கு ஆகியவை வரிசையாக வைக்கப்பட்டன. வேட்டைத் தடுப்புக் காவலர் முதலில் பேசினார். அவர் பேச்சில் செடியைப் பற்றி ஒன்றுமில்லை, விலங்கைப் பற்றித்தான். கோத்தகிரிச் சுற்றுவட்டாரத்தில் கரடியும் காட்டெருமையும் ஊருக்குள் வந்து போவது அன்றாட நிகழ்வு. உண்ணிச்செடிப் புதருக்குள் கரடி படுத்திருந்தால் பத்தடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. ஆகவே புதரில் கை வைக்கும் முன் கழியால் தட்ட வேண்டும், தனியாக யாரும் ஒதுங்கக் கூடாது, காதில் பாட்டுக் கருவி கூடாது. காட்டெருமை நின்றால் அது போகும்வரை நிற்க வேண்டும். அன்று இந்தக் கடைசி அறிவுரை உடனே தேவைப்பட்டது. சோலைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையின் நடுவே ஒரு பெரிய கிடா, பனிமூட்டத்தில் முதுகு கறுத்துத் தெரிய, அசையாமல் நின்றிருந்தது. எல்லோரும் தேயிலைக்கு நடுவே அப்படியே நின்றார்கள். கல்லெறியவோ கூச்சலிடவோ யாரும் முயலவில்லை. நெடுநேரம் கழித்து அது தானாகவே சரிவில் இறங்கிப் போனது.

அகற்ற வேண்டியிருந்தவை முக்கியமாக நான்கு. உண்ணிச்செடி எல்லோருக்கும் தெரிந்தது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுச்செடியாக வந்து, இன்று முதுமலைக் காடுகள்வரை மூடிக் கிடப்பது. சோலையின் வெயில் படும் விளிம்பில்தான் அது பலமாக இருந்தது. சற்று உள்ளே, நிழலில், செஸ்ட்ரம். மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த இந்தச் செடி ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்து, வெண்ணிறப் பழம் விடும். வழிப்போக்கர்கள் நின்று படம் எடுக்கும் அழகு அதற்கு உண்டு. ஆனால் நிழலைத் தாங்கி வளரக்கூடியது என்பதால் உண்ணியைவிடச் சோலைக்கு ஆபத்தானது இதுவே என்பது மலையில் வேலை செய்பவர்களின் அனுபவம். ஓடையோரம் முழுக்க யூபடோரியம். மெக்சிகோவிலிருந்து வந்தது, காற்றிலும் நீரிலும் விதை பரப்புவது. நான்காவது, சீகை நாற்று.

நான்கும் ஒரே முறையில் அகற்றப்படுவதில்லை. யூபடோரியத்தைக் கையாலேயே பிடுங்கிவிடலாம். உண்ணிச்செடிக்கு அது போதாது. அதன் தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, மறுபடி துளிர்க்கும் பகுதி ஒன்று உண்டு. மேலே வெட்டினால் அங்கிருந்து பல தண்டுகள் கிளம்பும். டெல்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூழலியல் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு முறை வகுத்தார்கள். அந்தப் பகுதிக்கும் கீழே ஆணிவேரை வெட்டி, செடியை அப்படியே தூக்கி, வேர் வானம் பார்க்கத் தலைகீழாக வைப்பது. மண்ணைப் பரவலாகக் கிளறாததால் அடியில் உறங்கும் விதைகள் முளைப்பது குறையும். தலைகீழாக நிற்கும் செடி மண்ணில் மறுபடி வேர்பிடிக்காது. மருந்து தேவையில்லை, தீ தேவையில்லை. கத்தியும் பொறுமையும் உள்ள யாரும் செய்யக்கூடிய முறை இது. காட்டுக்குள் களைக்கொல்லி தெளிப்பதைவிட எவ்வளவோ மேலானது.

கல்லூரி மாணவர் ஒருவர் ஆள் உயரத்துக்கும் மேல் வளர்ந்த ஒரு செஸ்ட்ரம் புதரை இரு கையாலும் பற்றி, காலை ஊன்றி இழுத்துக்கொண்டிருந்தார். தண்டு உள்ளீடு குறைந்தது, சட்டென்று முறிந்துவிடும். பக்கத்தில் நின்ற தோட்டத்து அக்கா ஒருவர், "இழுக்காத கண்ணு. மொதல்ல சுத்தி மண்ண எடு. வேரு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாரு, அந்தப் பக்கம் சாய்ச்சாத் தானா வரும்" என்றார். சொல்லிவிட்டு அவரே மண்டியிட்டார். இலைமக்கை இரு கையாலும் ஒதுக்கி ஒரு பக்கம் சேர்த்தார். கீழே கறுப்பு மண். அதில் விரல்விட்டுத் துழாவி, கட்டைவிரல் தடிமனில் மூன்று வேர்கள் மேட்டுப்பக்கமாக ஓடுவதைக் காட்டினார். குட்டைக் கடப்பாரையை அவற்றுக்கு அடியில் கொடுத்து, உடம்பின் எடையை மட்டும் அதன்மேல் சாய்த்தார். வேரடி முழுதாக, மண் உதிர உதிர, எழுந்து வந்தது. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில், செஸ்ட்ரத்தின் நிழலில் வெளிறிப்போய், நான்கே இலைகளோடு ஒரு காட்டுநாவல் கன்று இருந்தது. அக்கா முதலில் ஒதுக்கி வைத்திருந்த இலைமக்கை எடுத்து, பள்ளத்தை மூடி, அந்தக் கன்றைச் சுற்றிக் கையால் அழுத்திவிட்டார். பிடுங்கிய செஸ்ட்ரத்தைத் தரையில் போடாமல் ஒரு கிளைக்கவட்டில் மாட்டினார். ஈரத்தரையில் கிடந்தால் தண்டே வேர்விடும் என்பதால் அங்கே எல்லோரும் பின்பற்றிய வழக்கம் அது.

சோலையைப் பராமரிப்பதன் சாரம் அந்தச் சிறு செயலில் அடங்கியிருந்தது. சோலைக்கு வேண்டிய கன்றுகள் பெரும்பாலும் அங்கேயே இருக்கின்றன. காட்டுப்புறாக்கள் பழத்தைத் தின்று விதையைக் கொண்டுவந்து போடுகின்றன. மந்தியும் மரநாயும் தம் பங்குக்குப் போடுகின்றன. முளைத்தது மேலெழ முடியாமல் அந்நியச் செடியின் அடியில் வெளிச்சமின்றி நின்றுவிடுகிறது. அதைக் கண்டுபிடித்து, மிதிக்காமல், அதன் மேலுள்ள பாரத்தை மட்டும் எடுப்பதே வேலை. இதற்குக் கண் பழக வேண்டும். நாவல் கன்றையும் செஸ்ட்ரம் நாற்றையும் வேறுபடுத்தத் தெரியாதவர் ஒரு மணி நேரத்தில் பத்து ஆண்டு வளர்ச்சியைப் பிடுங்கி எறிந்துவிடக் கூடும். அதனால் புதியவர் ஒவ்வொருவரும் அனுபவம் உள்ள ஒருவருக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டார். சந்தேகம் வந்தால் தொடாமல் கேட்க வேண்டும் என்பது விதி.

சீகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலையில் அதைப் பற்றிய வாதம் நெடுங்காலமாக நடக்கிறது. அதன் விதையின் மேலோடு கடினமானது. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டாலோ மண் கிளறப்பட்டாலோ, மேலே திடீரென்று வெயில் விழுந்தாலோ கூட்டமாக முளைக்கும். ஆகவே, முதிர்ந்த சீகைத் தோப்பை ஒரே மூச்சில் மொட்டையடித்தால் அந்த இடத்தில் சோலை வருவதில்லை. அடுத்த மழைக்கு ஆயிரக்கணக்கில் சீகை நாற்றே வருகிறது, அல்லது உண்ணி மூடுகிறது. இன்னொரு பக்கம், பழனிமலையிலும் நீலகிரியிலும் பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாக வளர்ந்து வருவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். திறந்த வெளியின் உறைபனியைத் தாங்காத சோலைக் கன்றுக்கு அந்த நிழல் பாதுகாப்பு. அதற்காகப் புல்வெளியில் பரவும் சீகையை விட்டுவைக்கலாம் என்று பொருளல்ல. அங்கே அது புல்லைக் கொன்று நீரை உறிஞ்சுகிறது, அகற்றியே ஆக வேண்டும். சோலை விளிம்பில் நிற்கும் முதிர்ந்த சீகையை மட்டும் படிப்படியாகவே எடுக்க வேண்டும். இடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய இந்த விஷயத்தில், எல்லாச் சரிவுக்கும் ஒரே உத்தரவு போடுவது சரியல்ல.

தமிழ்நாடு அரசு 2022இல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. அதன்பின் பெரிய பரப்புகளில் வேலை நடக்கிறது. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் இயந்திரம் நுழைய முடியாத ஓடையோரங்களும் செங்குத்தான சரிவுகளும் கைவேலைக்கே உரியவை. அகற்றிய செடிக்குப் பயன் உண்டாக்குவதும் உதவும். கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினர் உண்ணித் தண்டுகளால் முழு உருவ யானைகளைச் செய்தார்கள். அவை 2021இல் லண்டன் பூங்காக்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அன்றைய வேலைநாளில் அவ்வளவு தண்டு சேரவில்லை. சேர்ந்த உண்ணி விளிம்பிலேயே காய வைக்கப்பட்டது.

பதினோரு மணிக்குத் தேநீர். பாலில்லாத டீயும் வர்க்கியும். அந்த இடைவேளையில் மரத்தின் மேலிருந்து நீலகிரிச் சிரிப்பான்கள் விட்டுவிட்டுக் கத்தின. உலகில் நீலகிரியையும் அதையொட்டிய மலைகளையும் தவிர வேறெங்கும் இல்லாத பறவை அது. அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக உலகப் பட்டியலில் இடம்பெற்றிருப்பது. மாணவர்களுள் பலர் அதன் குரலை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார்கள். ஹட்டிக்காரர் ஒருவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்குச் சேவல் கூவுவதுபோல அது.

மதியத்துக்கு முன் ஒரு பிரிவினர் சாலையோரம் அனுப்பப்பட்டார்கள். சோலையின் ஒரு பக்கம் தார்ச்சாலையைத் தொடுகிறது. வண்டியை நிறுத்திக் குடிப்பவர்கள் காலிப் பாட்டிலைச் சரிவில் வீசுவது நீலகிரியின் பழைய நோய். உடைந்த கண்ணாடி காட்டெருமையின் குளம்பிலும் யானையின் பாதத்திலும் ஏறினால் புண் சீழ்ப்பிடித்து விலங்கு சாகக்கூடும். சென்னை உயர்நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022 மே மாதம் முதல் நீலகிரியில் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்று அள்ளிய சாக்குகளில் பழைய பாட்டில்களே மிகுதியாக இருந்தன. புதியவை மிகச் சில. பத்து ரூபாய் இவ்வளவு செய்யும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. நொறுக்குத்தீனி உறைகள்தான் குறையவில்லை. அவற்றைத் திருப்பிக் கொடுக்க இடமுமில்லை, காசுமில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு நடவு. குழுவின் சிறு நாற்றங்காலிலிருந்து சில கன்றுகள் மட்டும் கொண்டுவரப்பட்டிருந்தன. எல்லாம் அதே சோலையின் தரையில் பொறுக்கிய விதையிலிருந்து வளர்த்தவை. சோலை மரங்களின் விதை பலவும் காய்ந்தால் முளைப்புத்திறனை இழக்கும். பழம் விழுந்த சில நாள்களுக்குள் விதைக்க வேண்டும். முழங்கால் உயரம் வரவே ஆண்டுகள் ஆகும். இவ்வளவு பாடுபட்டு வளர்த்த கன்றை வெயிலில் நடுவதில் பயனில்லை. எனவே சூறைக்காற்றில் ஒரு மரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்த ஓர் இடைவெளியின் ஓரங்களில் மட்டும் நடப்பட்டன. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாகவே இருந்தது. ஆளுக்கொரு மரம் நடலாம் என்று நினைத்து வந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர்களை அழைத்துப்போய், சில ஆண்டுகளுக்கு முன் களையெடுத்த ஒரு திட்டைக் காட்டினார். அங்கே யாரும் எதையும் நட்டதில்லை. இடுப்பளவு உயரத்தில் குறிஞ்சி அடர்ந்திருந்தது; அதன் நடுவே விக்கியும் நாவலும் தலைநீட்டியிருந்தன.

அந்தத் திட்டும் முதல் முறையிலேயே சரியாகிவிடவில்லை. களையெடுத்த அடுத்த ஆண்டே அங்கே சீகை நாற்று மொய்த்தது. மண்ணில் கிடந்த பழைய விதைகளின் கைவரிசை. குழு அதே இடத்துக்கு மறுபடி போய்ப் பிடுங்கியது. அதற்கடுத்த ஆண்டு நாற்று குறைந்தது. பின்னர் குறிஞ்சியின் நிழல் விழுந்த இடத்தில் சீகை அநேகமாக வரவேயில்லை. கொண்டைக்குருவிகள் வெளியிலிருந்து கொண்டுவரும் உண்ணி விதை மட்டும் இன்றும் ஆண்டுதோறும் சில முளைக்கிறது. ஆகவே ஒரு வேலைநாளுக்குக் குழு எடுத்துக்கொண்ட பரப்பு மிகச் சிறியது. ஒரு ஆண்டு களையெடுத்துவிட்டு மறு ஆண்டு திரும்ப முடியாத இடத்தைத் தொடுவதே இல்லை என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். சரியான முடிவு. பெரும்பரப்பில் ஒருமுறை வெட்டிவிட்டுக் கைவிடும் திட்டங்கள் களைக்குக் கவ்வாத்து செய்துவிடுவதாகவே முடிகின்றன.

மாலை நான்கு மணிக்கு மூடுபனி இறங்கியது. கத்திகள் எண்ணி வாங்கப்பட்டன. சாக்குகள் ஊராட்சி வண்டியில் ஏற்றப்பட்டன. வேலை செய்த இடத்தின் எல்லை நான்கு மரங்களில் துணி கட்டி அடையாளமிடப்பட்டு, வனக்காப்பாளரின் குறிப்பேட்டில் பதிவானது. அடுத்த மார்கழிக்கு அந்தத் துணிகளைத் தேடிக்கொண்டு வர வேண்டும் என்பதற்காக.

நீலகிரியிலும் பழனிமலையிலும் இத்தகைய குழுக்கள் இயங்குகின்றன. ஊரோரச் சோலையோ கோயில்காடோ உள்ள யாரும் தம் பகுதி வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, அனுமதி பெற்று, இப்படியொரு நாளைத் தொடங்கலாம். கெட்டியான காலணி, முழுக்கைச் சட்டை, தண்ணீர் புட்டி போதும். மரக்கன்று வாங்கிவர வேண்டாம். செடி நடும் விழாவுக்கு ஊரே கூடுகிறது. களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை. வர முடிந்தவர்கள் வாருங்கள், மறு ஆண்டும் அதே இடத்துக்கு வாருங்கள்.